வளவில் திரை கட்டி ‘தி ரன்அவேஸ்’ படத்தைக் காட்டுவது எப்படி

1975-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் சிலர் கூடி ஒரு ராக் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். அந்தக் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, ஃப்ளோரியா சிகிஸ்மாண்டி இயக்கத்தில் 2010-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றுப் படம்தான் ‘தி ரன்அவேஸ்’. காரைக்குடிப் பக்கம் எங்கள் பங்காளி வீட்டு வளவில், அதாவது தாழ்வாரம் சூழ்ந்த நடுமுற்றத்தில், உறவுக்காரப் பெண்களுக்காக இதை இரண்டு முறை திரையிட்டிருக்கிறேன். முதல் முறை பாடல்களில் ஒரு சொல்கூட யாருக்கும் புரியவில்லை. இரண்டாம் முறை, படத்தில் பேச இடம் கிடைக்காத ஒரு பெண்ணைப் பற்றி நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டதை, இதேபோல் செய்ய விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வீட்டைத் திறப்பதில் தொடங்குங்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலருக்குப் பொதுவானவை. சாவி ஒருவரிடம் இருந்தாலும் உரிமை எல்லாப் புள்ளிகளுக்கும், அதாவது பங்குள்ள எல்லாக் குடும்பங்களுக்கும், உண்டு. ஆகவே என்ன படம், யார் வருவார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்பதைப் பங்காளிகள் அனைவரிடமும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெறுங்கள். படத்தில் போதைப்பொருளும் பாலியல் காட்சிகளும் வருவதால், அழைப்பைப் பதினெட்டு வயது நிரம்பியவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் வட்டு வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே உரியது என்பதால் கூட்டம் குடும்பத்தாரும் நெருங்கியவர்களுமாக இருக்கட்டும். ஊரைக் கூட்டியோ கட்டணம் வாங்கியோ காட்டுவதாக இருந்தால் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வளவின் திறந்த நடுப்பகுதியை நம்பிப் புரொஜெக்டரை வைக்க முடியாது. மாசி மாதத்தில், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு மிகவும் பொருத்தம்.

திரைக்கு வேட்டிகளைத் தைத்து இணைத்தால் நடுவில் உள்ள தையல் எல்லா முகங்களையும் இரண்டாகப் பிளக்கும். எட்டடி அகலத்தில் ஒட்டுப் போடாத கெட்டியான வெள்ளைத் துணியை வாங்கி, மேல்விளிம்பைக் கயிற்றால் இரு தூண்களுக்கிடையே இழுத்துக் கட்டி, கீழ்விளிம்பை மடித்துத் தைத்து அதற்குள் ஒரு மூங்கிலை நுழைத்துவிட்டால் காற்றுக்கு ஆடாது. பர்மாத் தேக்குத் தூணில் ஆணி அடிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பொதுவாகக் கிடைக்கும் புரொஜெக்டர்கள் பலவற்றுக்கும் இந்த அகலத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டடி தூரம் தேவைப்படும். புரொஜெக்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே சுவிட்ச் பெட்டியிலிருந்து இணைத்தால், வெவ்வேறு இணைப்புகளில் எடுக்கும்போது பாக்ஸில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) எழும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் வராது.

படம் ஓரளவு மங்கலாகத் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி கலங்கினால் இந்தப் படமே இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டைவெள்ளை கலந்து கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், கல் தூண் ஆகிய எதுவும் ஒலியை உறிஞ்சாது. எல்லாம் திருப்பி அனுப்பும். முப்பதடி தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ 0.05 வினாடி தாமதித்து வருகிறது. அந்த அளவைத் தாண்டினால் நம் காது அதைத் தனி எதிரொலியாகக் கேட்கத் தொடங்கும். வேகமான பாட்டில் ஒரு சொல்லின்மேல் அடுத்த சொல் ஏறிக்கொள்ளும். எங்கள் முதல் திரையிடலில் அப்பத்தா இரண்டு தடவை, “என்னத்தா சொல்றாக?” என்று கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை கேட்காமலே எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அந்த வெற்றிடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எனவே பகலிலேயே வளவின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை எந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வருகிறதோ, அந்தப் பக்கத்துத் தாழ்வாரத்தில் கொடி கட்டி, கல்யாணத்துக்கென்று கட்டி வைத்திருக்கும் ஜமுக்காளங்களை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். தரை முழுவதும் பாயும் மெத்தையும் விரியுங்கள். மறுபடி கைதட்டினால் ஓசை ‘டப்’ என்று அங்கேயே அடங்க வேண்டும். அடங்கும்வரை துணியைக் கூட்டுங்கள். கண்டாங்கிச் சேலைகளைத் தொங்கவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தத் துணி ஒலியைத் தடுக்காது என்பதைச் செய்து பார்த்து அறிந்தேன்.

மைக் செட் வாடகைக்கு எடுக்கும்போது குழாய் ஒலிபெருக்கி வேண்டாம், பாக்ஸ்தான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். திருவிழாவுக்கு ஊர் முழுக்கக் கேட்பதற்காக அமைந்த குழாயில் கனமான ஒலி வெளிவராது. பாட்டுக்கு அடியில் கனத்த ஒலி தரும் பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த நரம்பு வினாடிக்கு 41 அதிர்வு அளவில் ஒலிக்கிறது. குழாயோ சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ளதையெல்லாம் விழுங்கிவிடும். பாட்டு இருக்கும், தாளம் இருக்கும், ஆனால் இரண்டையும் தாங்கும் தரை இருக்காது. பெரிய பாக்ஸ் ஒன்றைத் தூரத்தில் வைத்து அலறவிடுவதைவிட, சிறிய பாக்ஸ் இரண்டைத் திரையின் இருபுறமும், உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்தில், சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

பேஸ் ஒலியை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் குழுவின் கதையில் விடுபட்டுப்போனவரும் பேஸ் வாசித்தவர்தான். பாடகி செரி கர்ரியின் தன்வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட இந்தப் படத்தில், கிட்டார் கலைஞர் ஜோன் ஜெட் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தார். அதனால் கதை அவ்விருவரின் நினைவு வழியாகவே நகர்கிறது. பேஸ் வாசித்த ஜாக்கி ஃபாக்ஸ் தம் பெயரையும் வாழ்க்கையையும் பயன்படுத்த இசையவில்லை. அவர் இடத்தில் ராபின் என்ற கற்பனைப் பாத்திரம் நிற்கிறது, அந்தப் பாத்திரத்துக்குப் பேச்சும் மிகக் குறைவு. குழுவில் பின்னர் சேர்ந்து பேஸ் வாசித்த விக்கி புளூ 2004-இல் எடுத்த ஆவணப்படத்தில் நிலைமை வேறு விதம்: அதில் ஜாக்கி பேசுகிறார், ஜோன் ஜெட் பங்கேற்கவில்லை. ஒரே குழு, இரண்டு படங்கள், இரண்டிலும் ஒருவர் குறைகிறார். பங்காளிகளிடம் தனித்தனியாக விசாரித்தால் ஒரு வீட்டின் கதை எப்படி மாறுமோ அப்படித்தான் இதுவும் என்று, படம் தொடங்குமுன் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலம் அறியாதவர்களுக்காகத் திரையின் அடியில் தோன்றும் வசன வரிகளை நீங்களே தமிழில் எழுதலாம். எழுத்துகளை மட்டும் கொண்ட சாதாரணக் கோப்பே போதும், அதைத் தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்து, படத்தை இயக்கும் செயலியில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்கள் தோன்றா. ஒவ்வொரு வசனத்தையும் எழுத வேண்டியதில்லை. பெண்கள் மின் கிட்டார் வாசிப்பதில்லை என்று ஆசிரியர் ஜோனிடம் சொல்லும் இடத்தையும், மேலாளர் கிம் ஃபௌலி பையன்களைக் கூட்டிவந்து பாடிக்கொண்டிருக்கும் பெண்கள்மேல் குப்பையை வீசவைத்து, அதையே பயிற்சி என்று சொல்லும் இடத்தையும் முழுமையாக எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பயிற்சிக் காட்சியைப் பார்த்து இளையவர்கள் முதலில் சிரித்தார்கள்; ஆச்சி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பாடல்கள் ஓடும்போது யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். ‘செர்ரி பாம்’ பாடல், செரியின் குரல் தேர்வுக்காக ஜோனும் ஃபௌலியும் அங்கேயே உட்கார்ந்து எழுதியது என்பதை முன்பே சொல்லிவிடலாம்.

பலகாரத்தை மாலைக்குள் சுட்டு முடித்துவிடுங்கள். பெண்கள் குழுவைப் பற்றிய படம் ஓடும்போது பெண்கள் இரண்டாங்கட்டில் அடுப்படியில் நிற்பது முறையன்று. படத்தின்போது கந்தரப்பம், சீயம் போன்ற மெத்தென்றவை போதும். தேன்குழலும் சீப்புச் சீடையும் பேச்சுக்கு ஆகட்டும்.

படம் முடிந்ததும் விளக்கை உடனே போடாமல், அதில் இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள். 1975-ஆம் ஆண்டின் கடைசி இரவில் கிம் ஃபௌலி தம்மைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார் என்று ஜாக்கி 2015-இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவர் வழக்கறிஞர், ஃபௌலி அவ்வாண்டு ஜனவரியில் இறந்திருந்தார். படம் 2010-இலேயே வந்துவிட்டது. இதைச் சொன்னபின் நீங்கள் பேச வேண்டாம். சிரிக்காமல் இருந்தவரிடம் முதலில் கேளுங்கள். பேச்சு எவ்வளவு நேரம் நீண்டாலும் இடைமறிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு பாட்டு. படத்தில் ஜோனாக நடித்த கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டும் செரியாக நடித்த டகோட்டா ஃபானிங்கும் பல பாடல்களைத் தங்கள் குரலிலேயே பாடியிருப்பதால், உண்மையான குழுவின் ஒலியை அங்கிருப்பவர்கள் இன்னும் முழுமையாகக் கேட்டிருக்கமாட்டார்கள். 1976-இல் வந்த முதல் இசைத்தட்டை எடுக்காதீர்கள். அதில் பேஸ் வாசித்தவர் நைஜல் ஹாரிசன் என்ற ஆண். 1977-இல் ஜப்பான் மேடைகளில் பதிவான நேரடி இசைத்தட்டை எடுத்து, பாக்ஸில் பேஸைச் சற்றுக் கூட்டிவிட்டு ஒலிக்கவிடுங்கள். அதில் வாசிப்பது ஜாக்கி.