ரோபோ ஒப்பரேசனைத் தேடிப் புறப்படும் முன்: நெஞ்சு நோயாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுரையீரலில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் திருகோணமலையில் சில வீடுகளில் எழும் முதல் கேள்வி, "ரோபோவால் எங்கே செய்கிறார்கள்?" என்பதுதான். கொழும்பா, சென்னையா, எவ்வளவு முடியும் என்று ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். விசாரிக்கலாம், பிழையில்லை. ஆனால் அதிலேயே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடுகிறது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நுரையீரல் புற்றுநோய் சின்னக் கட்டியாக, வேறெங்கும் பரவாமல் இருக்கும்போது எடுத்தால்தான் முழுப் பலன். மாவட்டப் பொது வைத்தியசாலையில் வெலிசறை நெஞ்சு நோய் வைத்தியசாலைக்கோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ கடிதம் தந்தால் அந்தக் கிளினிக் திகதியை விட்டுவிடாதீர்கள். வெளிநாடு போகிற யோசனை இருந்தாலும் சோதனைகளை இங்கேயே தொடங்கலாம்.

அடுத்தது, ரோபோ தானாகவே வெட்டித் தைக்கும் என்ற எண்ணம். டாவின்சி என்ற கருவிக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. அதன் கைகள் விலா எலும்புகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டர் அளவுத் துளைகள் வழியாக உள்ளே போகும். சத்திரசிகிச்சை நிபுணர் சற்றுத் தள்ளி இருந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைப்பார். அவர் அசைத்தால்தான் அது அசையும். கைநடுக்கம் உள்ளே போகாது, கருவியின் நுனி மணிக்கட்டு போலத் திரும்பும். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுப்பது போன்ற இடுக்கான வேலைகளுக்கு இது பெரிய வசதி. ஆனாலும் வேலை டொக்டருடையது. மெஷின் புதிதா என்று கேட்பவர்கள், இதே ஒப்பரேசனை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேட்பதில்லை. அதைக் கேளுங்கள்.

கமரா வைத்துச் செய்யும் சாதாரணத் துளை ஒப்பரேசனைத் தரம் குறைந்தது என்று ஒதுக்குவதும் தவறு. 1990களிலிருந்து நடந்துவரும் முறை அது. நெஞ்சைத் திறந்து செய்வதைவிட இரண்டிலும் வலி குறைவு, வீட்டுக்கும் சீக்கிரம் வரலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நோயாளி குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, செலவுதான் ரோபோவுக்குக் கூட. காணியை விற்று ரோபோவுக்குப் போக நினைக்கும் குடும்பம் முதலில் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய காசநோயை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற பயம். காசநோய் ஆறிய இடத்தில் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக் கிடக்கலாம். டொக்டருக்கு முன்பே தெரிந்தால் அதற்கேற்பத் திட்டமிடுவார். ஒட்டியிருப்பதாலோ இரத்தக் கசிவாலோ இடையில் நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தால், அது உயிரைக் காக்கும் முடிவு. அதற்காக அவரோடு கோபிப்பது நியாயமில்லை.

"சின்னத் துளைதானே" என்று சிகரெட்டையும் பீடியையும் விடாமல் போவது ஆபத்து. ஒப்பரேசன் நடக்கும் பக்கத்து நுரையீரலைக் காற்றில்லாமல் சுருக்கிவிட்டு, மற்றப் பக்கத்தால் மட்டும்தான் மூச்சு விட வைப்பார்கள். புகையால் கெட்ட நுரையீரல் அதைத் தாங்கச் சிரமப்படும், பின்னால் சளியடைத்து நியூமோனியாவும் வரலாம். நான்கு வாரமாவது முன்னதாக விட வேண்டும், அதனால் ரிப்போர்ட் வந்த அன்றைக்கே விடுங்கள். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைத் தந்தால் அன்றே பழகத் தொடங்குங்கள். ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். பலர் ஊதுகிறார்கள். வார்பரின், குளோப்பிடோகிரல் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது.

ஒப்பரேசனுக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ஒரு குழாய் தண்ணீர்ப் போத்தலுக்குப் போகும். பார்க்க வந்தவர்கள் அன்பில் போத்தலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிடுவார்கள். அது எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பலாம். குமிழி வருகிறதே என்று பயந்து குழாயை மடித்துப் பிடிக்கவும் வேண்டாம். அது நுரையீரலில் இருந்து கசியும் காற்று, வெளியே வரத்தான் வேண்டும்.

சென்னையில் செய்துகொண்டவர்கள் உடனே விமானம் ஏறப் பார்ப்பார்கள். நெஞ்சுக்குள் மிஞ்சிய காற்று உயரத்தில் விரியும். எக்ஸ்றே எடுத்து, டொக்டர் சரி என்று சொன்ன பிறகே டிக்கெட் போடுங்கள்.

எங்கள் கரைக்கு இன்னொன்றும் உண்டு. கிண்ணியாப் பக்கம் சிலிண்டர் கட்டிச் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகும். நுரையீரலில் அது எங்காவது அடைபட்டால் வெடித்துவிடும். தொழிலே அதுவென்றால் ஒப்பரேசனுக்கு முன்பே டொக்டரிடம் சொல்லி, இனி இறங்கலாமா, கூடாதா என்று கேட்டுவிடுங்கள்.