உயர்தர மாணவர் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

திருகோணமலை உவர்மலையில் உள்ள என் வீட்டு விறாந்தையில் மாலை வேளைகளில், பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்து வருகிறேன். வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்து படிப்பவர்களைக் காணும்போதெல்லாம், முதல் தடவைப் பரீட்சையில் சறுக்கி இரண்டாம் தடவை எழுதிய என் பழைய நாள்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. நேரசூசி போடாமை, பாடத்தைத் தள்ளிப்போடுதல் போன்றவற்றை வீட்டிலும் பாடசாலையிலும் போதிய அளவு சொல்லிவிடுகிறார்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வினாத்தாள் செய்தல்

கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள் பெரும்பாலும் விடைகளோடு சேர்ந்தே கைக்கு வருகின்றன. மாணவர் வினாவை வாசித்து இரண்டு வரி எழுதுகிறார்; எங்கோ தட்டுப்படுகிறது; உடனே பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "ஓம், இது எனக்குத் தெரியும்தானே" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறார். மாத முடிவில் பத்து வருட வினாத்தாள்களைச் செய்து முடித்ததாக என்னிடம் சொல்வார். அவர் செய்தது வாசிப்பு மட்டுமே என்று சொன்னால் முகம் வாடிவிடும். எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு பிரிவிலும் இது திரும்ப வருவதால், எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

நானும் அப்படித்தான் படித்தேன். ஓர் அயன் சேர்வை உருவாகும்போது நிகழும் சக்தி மாற்றங்களைப் படிப்படியாகக் கணிப்பது போன்–ஏபர் வட்டம். சோடியங்குளோரைட்டுக்கான அந்த வட்டத்தில், இரண்டு குளோரின் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை உடைக்கும் 242 கிலோயூலில் பாதியான 121 ஐ எடுத்திருப்பதை விடையில் பலமுறை கண்டு, "குளோரின் என்றால் பாதி" என்று மனத்தில் பதித்துக்கொண்டேன். ஏன் பாதி என்ற கேள்வி எனக்குள் எழவேயில்லை, ஏனெனில் எழுவதற்கு முன்பே விடை கண்முன் இருந்தது. பரீட்சை மண்டபத்தில் மகனீசியங்குளோரைட்டு வந்தபோது அங்கும் பாதியையே எடுத்தேன். ஒரு மகனீசியம் அயனுக்கு இரண்டு குளோரைட்டு அயன்கள் வேண்டும் என்பதால் 242 முழுவதையும் எடுத்து, இலத்திரன் நாட்டத்தையும் (அணு ஓர் இலத்திரனை ஏற்கும்போதான சக்தி மாற்றம்) இரண்டால் பெருக்க வேண்டும் என்பது வெளியே வந்து சைக்கிளில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அந்தப் பிழை அதைத் தொடர்ந்த கணிப்புகளையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமன்று. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, மீண்டும் வாசிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 வீதத்தையும் வாசித்தவர்கள் 42 வீதத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள். அந்த ஐந்தாவது நிமிடத்துத் தெளிவை நம்பித்தான் என் மாணவர்களும் ஏமாறுகிறார்கள்.

விடைப் பகுதியைத் தனியே பிரித்து வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பல்தேர்வு 50 வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம், அதாவது வினா ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுத்தாளையும் ஒரே இருப்பில் செய்யுங்கள். தட்டுப்பட்ட இடத்தில், எதனால் தட்டுப்பட்டது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். விடையை மறுநாள் பார்த்தால் போதும். பிழைத்த வினாவை ஒரு வாரம் கழித்து வெற்றுத்தாளில் திரும்பச் செய்யுங்கள்.

அமைதியான இடம் தேடி அலைதல்

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அனலாக வீசும்போது, தகரக் கூரையின் கீழ்ப் பிற்பகல் இரண்டு மணிக்குக் கணக்கோடு மல்லுக்கட்டுவது வீண். அந்த நேரத்தை வரைபடங்களுக்கும் கொப்பி ஒழுங்குபடுத்தவும் ஒதுக்கிவிட்டு, கடினமானவற்றை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளலாம். காற்றாடப் படிக்கலாம் என்று பிரெட்றிக் கோட்டை மரநிழலுக்குப் புத்தகத்தோடு போன என் மாணவர் ஒருவர், மான்களைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்த ஒரு மேசையும், சாய்ந்தால் தூக்கம் வராத ஒரு கதிரையும் போதும். ஒலிபெருக்கியும் தெருச் சத்தமும் ஒருபோதும் முற்றாக நிற்கப்போவதில்லை. பரீட்சை மண்டபத்திலும் மின்விசிறி கிறீச்சிடும்.

கைத்தொலைபேசி

அடுத்த அறையில், அம்மாவின் கையில்.

ஐந்து நிறப் பேனைகள்

நிறம் தீட்டியது நினைவில் நிற்பதில்லை.

ஒரே பாடத்துக்கு இரண்டு வகுப்பு

மூன்று பாடங்களுக்கு ஆறு ஆசிரியர்களிடம் போகும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குச் சைக்கிள் மிதிப்பதிலேயே நாள் கழிவதால், தனியே உட்கார்ந்து ஒரு வினாத்தாளைச் செய்ய அவர்களுக்கு நேரம் மிஞ்சுவதில்லை. அத்தகையோர் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு வகுப்பை நிறுத்திவிடலாம்; இரசாயனவியலில் நிறுத்துவது என் வகுப்பாக இருந்தாலும் நான் மனவருத்தப்பட மாட்டேன்.