கை கால் எப்போதும் சில்லென்று இருக்கிறதா? முதலில் தொட்டுப் பாருங்கள்

மார்கழி காலையில் கால் சில்லிட்டால் அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் வேலூரில், அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரியைத் தாண்டிய ஒரு மதியம், என் சித்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு ஃபேனை நிறுத்தச் சொல்லிப் படுத்திருந்தார். "குளிர்ச்சி உடம்பு" என்று நாங்களே முடிவு கட்டி மோரையும் இளநீரையும் நிறுத்தினோம். இரண்டு வருஷம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போய்க்கொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. உங்கள் வீட்டில் அப்படி இரண்டு வருஷம் வீணாகக்கூடாது.

வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு, புறங்கையால் உங்கள் பாதத்தைத் தொடச் சொல்லுங்கள். அவருக்கும் சில்லென்று இருக்கிறதா, இல்லை உங்களுக்கு மட்டும்தான் குளிர்கிறதா? பாதி வழி இங்கேயே பிரிந்துவிடும்.

தொட்டால் சாதாரணச் சூடு, ஆனால் உங்களுக்கு மட்டும் ஐஸில் வைத்தது போல, கூடவே மரத்துப்போவது, ஊசி குத்துவது என்றால் நரம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல வருஷச் சர்க்கரை, பி12 குறைவு இரண்டும் பொதுவான காரணங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயாகவும் இருக்கலாம். தொழுநோய் சிகிச்சைக்குப் பேர்போன கரிகிரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிற நம் வேலூரில் இதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். இந்த மாதிரி உணர்ச்சி குறைந்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுக்காதீர்கள், வெந்து கொப்பளித்தாலும் தெரியாது.

சரி, தொடுகிறவருக்கும் சில்லென்று இருந்தால்? இரண்டு கை, இரண்டு கால் எல்லாமே என்றால் ரத்தசோகையும் தைராய்டும்தான் முதல் சந்தேகம். படி ஏறினால் மூச்சு வாங்குவது, கீழ் இமையின் உட்பக்கம் வெளுத்திருப்பது ரத்தசோகையைக் காட்டும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு டீ, காபி குடிக்காதீர்கள், சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் உதவும். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போனால் பெரும்பாலும் அது மாத்திரையால்தான். ஆனால் ரத்தம் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். மாதவிடாய், மூலம், குடல் புழு எதுவானாலும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உடம்பு எடை கூடி, மலச்சிக்கலும் அசதியும் முடி கொட்டுவதும் சேர்ந்திருந்தால் தைராய்டைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிரஷருக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ சாப்பிடும் அடினோலால், ப்ரொப்ரனோலால் மாதிரி மாத்திரைகளாலும் கை கால் சில்லிடும், அதற்காக நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

ஏசி அறையிலோ குளிர்ந்த தண்ணீரிலோ விரல் முதலில் வெள்ளையாகி, நீலமாகி, அப்புறம் சிவந்து வந்தால் அது ரேனாட், அதாவது குளிரில் விரலின் ரத்தக்குழாய் அளவுக்கு மீறிச் சுருங்கும் பிரச்சினை. இள வயதில் பலருக்கு வெறும் தொல்லையோடு போய்விடும். 30 வயதுக்கு மேல் புதிதாக வந்தாலோ, மூட்டு வலியோ விரல் நுனியில் புண்ணோ இருந்தாலோ மூட்டு வாத நோய் மருத்துவரை (ருமட்டாலஜிஸ்ட்) பாருங்கள். நிறம் மாறும்போது போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், டாக்டர் முன்னால் விரல் சாதாரணமாகத்தான் இருக்கும்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சரியாகிறது என்றால் காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். 40 வயதுக்குள்ளேயே இப்படி வந்து விரல் கறுத்து, விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்கள் உண்டு. ஒரு பீடிகூட இல்லாமல் முழுசாக நிறுத்தினால்தான் அது நிற்கும்.

ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, வலித்து, அசைக்க முடியாமல் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்துக்குள் அடைப்பை எடுத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும்.