இறுகினால் கையை எடுங்கள்: டை கட்டிங், எம்பாசிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து வளைகாப்பு அழைப்பிதழ் செய்து பழகினார்கள். டை என்றால் பேப்பரை வடிவமாக வெட்டுகிற அச்சு, எம்பாசிங் என்றால் பேப்பரில் உருவம் புடைத்து நிற்கச் செய்வது. ஆரம்பத்தில் நான் பண்ணிய கூத்து அத்தனையையும் இரண்டே மணி நேரத்தில், ஏறக்குறைய அதே வரிசையில் பண்ணி முடித்தார்கள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டையின் வெட்டு விளிம்பு பேப்பர் பக்கம் பார்த்திருக்க வேண்டும், கத்தரிக்கோலைப் பசையில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் இதில் இருக்காது. ஒரு தடவை தப்பாக வைத்தால் அடுத்த தடவை கை தானாகத் திருந்திவிடும். கை திருந்துவதற்குள் காசு போய்விடுகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு வைத்த அடுக்கையே எம்பாசிங்குக்கும் வைப்பது

இதைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன். இன்னும் ஆறவில்லை எனக்கு.

அப்போது மெஷின் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு வேலையும் செய்கிற, கையால் சுற்றுகிற சின்ன மெஷின், ₹8,500. வைகாசி முகூர்த்தம். திருமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்கு 120 அழைப்பிதழ், ஒன்று 20 ரூபாய். மாங்காய் வடிவத்தில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும், அதற்குக் கீழே மயில் எம்பாசிங். சாயந்திரம் உட்கார்ந்து 120 ஜன்னலையும் வெட்டிவிட்டேன். மணி பத்தரை. இனி மயில் மட்டும்தானே என்று டையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் எம்பாசிங் ஃபோல்டரை, அதாவது பேப்பரை நடுவில் வைத்து மூடுகிற மயில் அச்சை வைத்தேன். மேலே ஒரு ப்ளேட் (கெட்டியான தகடு), கீழே ஒரு ப்ளேட், அடியில் பலகை, இந்த அடுக்கில் எதையும் மாற்றவில்லை.

கைப்பிடி கால் சுற்று போய் நின்றது. எம்பாசிங் என்றால் அழுத்தம் கூடத்தானே வேண்டும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். அசையவில்லை. பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர், "தள்ளு, நான் சுத்துறேன்" என்று வந்து, மெஷினை முட்டியால் அண்டக்கொடுத்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். டக் என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் கைப்பிடி சுலபமாகத்தான் சுற்றியது, கயிறு அறுந்த கிணற்று உருளை மாதிரி. உள்ளே பல்சக்கரத்தில் மூன்று பல் போயிருந்தது. ஃபோல்டரை வெளியே எடுத்தால் மயிலின் கழுத்துக்குக் குறுக்கே விரிசல். பேப்பரில் மயில் விழுந்திருந்ததா என்றால், இல்லை. நசுங்கிப் பளபளவென்று ஒரு பட்டை இருந்தது, அவ்வளவுதான்.

₹2,400 வேலைக்கு ₹8,500 மெஷின் போயிற்று.

மறுநாள் காலையில் வெட்டிய அட்டைகளையும் செத்த மெஷினையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டவுனில் ஒரு பஞ்சிங் பட்டறைக்குப் போனேன். 120 என்றதும் அந்த அண்ணன் சிரித்துவிட்டார். "டை செஞ்சு, மெஷின்ல ஏத்தி, எறக்குறதுக்குள்ள ஒங்க விசேஷமே முடிஞ்சிரும்மா. ஆயிரம் ரெண்டாயிரம்னா வாங்க." ஆனாலும் என் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: "உள்ள எத்தனை மில்லி குடுத்தீங்க?"

எனக்கு என்ன தெரியும்? முழித்தேன். அவர் தன் டையைக் காட்டினார். ப்ளைவுட் பலகையில் கோடு அறுத்து, அந்தக் கோட்டில் எஃகு பிளேடை வளைத்துச் சொருகியிருந்தது. சிவகாசியில் அழைப்பிதழும் அட்டைப் பெட்டியும் வெட்டுகிற அதே வகை. "இந்தப் பிளேடு உயரம் 23.8 மில்லி. ஒரு பக்கம் வெட்டலைன்னா நாங்க மெஷினை இன்னும் அமுக்க மாட்டோம்மா. அந்த எடத்துக்குப் பின்னால ஒரு மெல்லிசு பேப்பரை ஒட்டுவோம். ஒண்ணு கூட்டணுமா கொறைக்கணுமா, அவ்ளோதான் கணக்கு. பலத்துக்கு இதுல வேலையே இல்ல."

எல்லா வகுப்பிலும் முதல் பத்து நிமிஷம் இதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

கரும்புச்சாறு மெஷினைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு உருளை, நடுவில் மாறாத ஒரு இடைவெளி. நம் கை மெஷினும் அதேதான். உள்ளே போவது டையா, ஃபோல்டரா, பேப்பரா என்று அதற்குத் தெரியாது. மொத்தத் தடிமன் மட்டும்தான் அதற்குத் தெரியும். இடைவெளியைவிட அடுக்கு ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தால் அழுத்தம் கிடைக்கும், வேலை நடக்கும். ஒரு ப்ளேட் அளவுக்குக் கூடினால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். கரும்புக்கடைக்காரர் சக்கையை மடித்து மடித்து மூன்று தடவை விடுவாரே என்று கேட்காதீர்கள். அவருடைய உருளை கெட்டி இரும்பு, சக்கையும் நசுங்கிக் கொடுக்கும். நம்முடையதில் பல்சக்கரம் பிளாஸ்டிக், ப்ளேட்டும் நசுங்காது.

மெல்லிய உலோக டை ஒரு மில்லிமீட்டர்கூட வராது. எம்பாசிங் ஃபோல்டர் இரண்டு பிளாஸ்டிக் இதழ் சேர்ந்தது, அதைவிடப் பல மடங்கு தடிமன். அதனால் ஃபோல்டரை வைக்கும்போது ஒரு ப்ளேட்டை எடுக்க வேண்டும், அல்லது அதற்குப் பதில் மெல்லிய ப்ளேட் போட வேண்டும். ஆழமாகப் புடைக்கிற முப்பரிமாண ஃபோல்டருக்கு இன்னும் குறைக்க வேண்டும். எந்த ப்ளேட்டை எடுப்பது என்பது மெஷினுக்கு மெஷின் வேறுபடும். பெட்டிக்குள் ஒரு படம் போட்ட தாள் இருக்கும். அதைத் தூக்கி எறியாமல் சுவரில் ஒட்டுங்கள்.

என் முட்டாள்தனத்தின் வேர், அழுத்தம் கூடினால் புடைப்பும் கூடும் என்ற நினைப்பு. கூடாது. புடைப்பின் ஆழம் ஃபோல்டரின் அச்சிலேயே இருக்கிறது. ஒரு இதழில் மேடு, மறு இதழில் அதற்கேற்ற பள்ளம். மேடு பள்ளத்துக்குள் முழுசாக உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு மேல் கொடுக்கிற அழுத்தம் பேப்பரை நசுக்கும், இல்லாவிட்டால் கிழிக்கும்.

தாள் இல்லாத பழைய மெஷின் கைக்கு வந்தால் எப்போதும் கீழிருந்து மேலே போங்கள். இருப்பதிலேயே மெல்லிசான அடுக்கில் தொடங்குங்கள். வெட்டு சரியாக விழவில்லையா? சாதாரண 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்றை இடையில் சொருகுங்கள் (ஜி.எஸ்.எம். என்பது பேப்பரின் எடைக் கணக்கு, கீழே சொல்கிறேன்). அது சுமார் 0.1 மில்லிமீட்டர். போதவில்லையா? இன்னொன்று. நாலு தாள் போட்டும் விழவில்லை என்றால் அப்போது ப்ளேட்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். இடியாப்பம் பிழிந்தவர்களுக்குத் தெரியும். மாவு பதமாக இருந்தால் அச்சு ஒரு எதிர்ப்புக் கொடுக்கும், ஆனால் இறங்கும். மாவு இறுகிப்போனால் நிற்கும், அப்போதும் அமுக்கினால் கைப்பிடி உடையும். இதுவும் அப்படித்தான். ஆனால் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். மெல்லிய டை வெட்டும்போது ப்ளேட் படபடவென்று நெரிகிற சத்தம் வரும், அது சகஜம். பயப்பட வேண்டியது கை நிற்பதற்குத்தான். நின்றால் முன்னால் தள்ளாமல் கைப்பிடியைப் பின்னால் சுற்றி அடுக்கை வெளியே எடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் போன சனிக்கிழமை ஒரு கல்லூரித் தம்பி, "அக்கா, கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, ஆனா சுத்திட்டேன்க்கா" என்று பெருமையாகச் சொன்னான். என் இரண்டாவது மெஷின் அது. பிழைத்துக்கொண்டது, அவன் அதிர்ஷ்டம். அன்றைக்கே பெர்மனென்ட் மார்க்கர் எடுத்து ஒவ்வொரு ப்ளேட்டிலும் "வெட்டு", "மயில்" என்று எழுதிவிட்டேன்.

அந்த 120 அட்டையும் மயில் இல்லாமலே போயிற்று. ஒன்றுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

ப்ளேட்டை ஒரே பக்கமாகப் பயன்படுத்துவது

வளைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போடுங்கள். டையையும் நேராக விடாமல் லேசாகச் சாய்த்து விட்டால் நீள விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளையில் மோதாது.

ஜி.எஸ்.எம். விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்புவது

"முந்நூறு ஜி.எஸ்.எம். அட்டை" என்று ஒரு கட்டு வாங்கி வந்தேன். அட்டை சொளசொளவென்று இருந்தது. மடித்து நிறுத்தினால் நிற்கவில்லை. டைக்கும் சரியாக உட்காரவில்லை, போன கட்டுக்கு வைத்த அடுக்கில் பாதி வெட்டு விட்டுப்போயிற்று. அப்புறம்தான் உறைத்தது, இதை எடை போட்டே பார்த்துவிடலாமே என்று.

ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் என்பது, வேறு ஒன்றுமில்லை. ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக, 16 தாளை எடுத்துப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தால் காட்டுகிற கிராம்தான் ஜி.எஸ்.எம். நான் வைத்தது 215 காட்டியது. கடைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். "அது கம்பெனி போட்டு அனுப்புறதும்மா" என்றார். வேறு கடை பார்த்துக்கொண்டேன். இப்போது புதுக் கட்டு எது வாங்கினாலும் எடை போட்டு மேலே பென்சிலால் எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு எடைக்கும் எத்தனை தாள் சொருக வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

மடக்குகிற அட்டைக்கு 220 முதல் 300 வரை நன்றாக இருக்கும். அதன் மேல் ஒட்டுகிற பூ, இலைக்கெல்லாம் 120 போதும். எல்லாவற்றையும் 300-இல் வெட்டினால் ரோஜாப்பூ அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும்.

நாலு தாளைச் சேர்த்து ஒரே சுற்றில் வெட்டுவது

மெல்லிய டைக்கு ஒரு அட்டைதான்.

கைக்காகிதத்தை மில் பேப்பர் மாதிரி நடத்துவது

பருத்தித் துணிக் கழிவை அரைத்துச் செய்கிற கைக்காகிதம் எனக்கு உயிர். ஆனால் அதன் இழை நீளம். சல்லடை மாதிரி நுணுக்கமான டையைக் கொடுத்தால் வெட்டுவதற்குப் பதில் இழை இழையாகப் பிடித்துக்கொள்ளும். ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுக்க உட்கார்ந்தால் கண் போய்விடும். மாங்காய், இலை, வட்டம் என்று பெரிய வடிவங்களைக் கொடுங்கள். நுணுக்கமாகத்தான் வேண்டும் என்றால் டைக்கும் பேப்பருக்கும் நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் கொஞ்சம் சுலபமாகப் பிரியும்.

பூவிதழும் வைக்கோலும் கலந்த வகை பார்க்க அழகு. அது உறை செய்யத்தான் லாயக்கு. வைக்கோல் துணுக்கு மெல்லிய டையின் விளிம்பில் மாட்டினால் விளிம்பு மடங்கும்.

எம்பாசிங்குக்கு மட்டும் கைக்காகிதத்தை எதுவும் மிஞ்சாது. நீள இழை கிழியாமல் இழுபடும், புடைப்பு கும்மென்று எழும். மேலே பூச்சு ஏற்றிய வழுவழு அட்டை அந்த இடத்தில் வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளையைக் காட்டும். எதுவானாலும் ஃபோல்டருக்குள் வைப்பதற்கு முன்னால் பேப்பரின் மேல் பூவாளி ஸ்ப்ரேயால் ஒரே ஒரு புகைத்தூறல் அடியுங்கள். நனையக் கூடாது, தொட்டால் சில்லென்று இருந்தால் போதும். சித்திரை வைகாசியில் நம் ஊர்க் காற்றில் பேப்பர் அப்பளமாகக் காய்ந்து கிடக்கும். இந்தத் தூறல் இல்லாவிட்டால் மடிப்பில் வெடிக்கும்.

மில் பேப்பருக்கு ஓட்டம் உண்டு. இழைகள் ஒரு திசையில் படுத்திருக்கும். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடித்தால் மடிப்பு நொறுங்கி வரும். கைக்காகிதத்தில் அந்தத் தொல்லை அநேகமாகக் கிடையாது, சல்லடையில் குலுக்கி எடுப்பதால் இழைகள் எல்லாத் திசையிலும் கிடக்கும்.

டை வாங்கிக் குவிப்பது

முதல் வருஷம் நாலு டை போதும். நான் 40 வாங்கினேன். 31 இன்னும் உறையோடு இருக்கிறது.

பசையை அள்ளிப் பூசுவது

தண்ணீர்ப் பசை பேப்பரை நெளிக்கும். பல்குத்தும் குச்சி முனையில் ஒரு துளி.

ஃபேனுக்கு அடியில் பவுடர் எம்பாசிங்

இது மெஷின் வேலை இல்லை. ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, ஈரம் காய்வதற்குள் பவுடரைத் தூவி, சூடு காட்டி உருக்குகிற வேலை. ஆபீஸ் ஸ்டாம்ப் பேடு மை உடனே காய்ந்துவிடும், பவுடர் ஒட்டாது. மெதுவாகக் காய்கிற பிக்மென்ட் மை வேண்டும். தலை காயவைக்கிற டிரையரும் உதவாது. அதில் காற்று அதிகம், சூடு குறைவு. ஹீட் கன்தான் சரி. அதையும் முதலில் வேறு பக்கம் திருப்பிச் சூடேற்றிவிட்டு அப்புறம் பேப்பருக்குக் காட்டுங்கள், முடிந்தால் அடியிலிருந்து.

ஸ்டாம்ப் குத்துவதற்கு முன்னால் பேப்பர் முழுவதும் குழந்தைகளுக்குப் போடுகிற முகப்பவுடரைத் துணியில் தொட்டு லேசாகத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எம்பாசிங் பவுடர் வேண்டாத இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ஒட்டி, உருகி, பொட்டு வைத்தது மாதிரி நிற்கும்.

அப்புறம் அந்த ஃபேன். ஆடி மாதம் ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேனையும் போட்டுக்கொண்டு தங்க நிறப் பவுடர் டப்பாவைத் திறந்தேன். அம்மியே பறக்கிற காற்றில் பவுடர் எம்மாத்திரம்? தரை, பாய், பூனை எல்லாம் ஜொலித்தன. இப்போதெல்லாம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்த்து ஒழுகிக்கொண்டு பத்துப் பத்து அட்டையாகத்தான் செய்கிறேன். நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு வியர்வை விழுந்த இடத்திலும் பவுடர் ஒட்டும்.