குவாங்சோ தள்ளுவண்டியில் மட்டும் பணம் போகவில்லை: தீர்ந்த விதம்

சீனாவில் காய்கறிக்கடை வரை க்யூஆர் கோடுதான். 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அலிபே, வீசாட் பே என்ற அங்குள்ள இரண்டு பணம் செலுத்தும் செயலிகளிலும் பரவலாகப் பயன்படுத்த முடிகிறது. என் அட்டையும் சூப்பர் மார்க்கெட்டிலும் மெட்ரோவிலும் நன்றாக வேலை செய்தது. காலையில் சாங்ஃபன் (அரிசிமாவு ரோல்) விற்கும் தள்ளுவண்டியில் மட்டும் தினமும் பணம் போகாது.

வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதியைப் பார்த்தேன், அது ஏற்கெனவே இருந்தது. வேறு அட்டை இணைத்தேன். சிம் மாற்றினேன். பாஸ்போர்ட்டை மறுபடி பதிவு செய்தேன். ஒன்றும் பலிக்கவில்லை, பல நாள் வீண்.

அப்புறம்தான் திரையைக் கவனித்தேன். மற்ற இடங்களில் கோடை ஸ்கேன் செய்ததும் கடையின் பெயர் வரும். இங்கே வந்தது ஒருவரின் செல்லப்பெயரும் பூனைப் படமும். அதாவது அது தனிநபர் கோடு. அதில் பணம் போட்டால் ஆளுக்கு ஆள் அனுப்புவதாகக் கணக்கு. என் வெளிநாட்டு அட்டைக்கு அந்த அனுமதி அப்போது இல்லை, கடையின் பெயரில் உள்ள வணிகர் கோடுக்கு மட்டுமே இருந்தது.

மறுநாள் அந்தத் திரையைக் கடைக்கார அம்மாவிடம் காட்டி, வேறு கோடு இருக்கிறதா என்று மொழிபெயர்ப்புச் செயலியில் கேட்டேன். வண்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த வணிகர் கோடைக் காட்டினார். உடனே போய்விட்டது. அப்பாடா என்றிருந்தது.

வணிகர் கோடு இல்லாத வண்டிகளுக்கு 5, 10 யுவான் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை மறுக்கக்கூடாது என்பது அங்கே விதி. ஒரே தடவையில் 200 யுவானைத் தாண்டினால் வெளிநாட்டு அட்டைக்கு 3% கட்டணம் உண்டு.