ஸ்டெப்பர் டிரைவர்: தேர்வும் செட்டிங்கும்

ஸ்டெப்பர் மோட்டார் படிப்படியாகச் சுழலும்; அதற்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் சர்க்யூட்தான் டிரைவர். முதலில் மோட்டாரின் இண்டக்டன்ஸைப் (அதன் காயில் கரண்ட் மாறுவதை எதிர்க்கும் அளவு) பாருங்கள். மில்லிஹென்றி எண்ணின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் வோல்டேஜின் மேல்வரம்பு கிடைக்கும். 2 மில்லிஹென்றிக்குச் சுமார் 45 வோல்ட். டிரைவர் 50 வோல்ட் தாங்கும் என்றாலும் 36 வோல்ட் சப்ளையே நல்லது. வேகம் குறையும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கும் இடம் வேண்டுமே!

பலர் சறுக்குவது கரண்டில்தான். டிரைவரின் அட்டவணையில் 4.2 ஆம்பியர் பீக் (உச்ச அளவு) என்றிருப்பது, ஆர்எம்எஸ் (பயனுறு அளவு) கணக்கில் 3 ஆம்பியர்தான். மோட்டார் 80 டிகிரியைத் தாண்டிச் சுட்டால் கரண்டை ஒரு படி இறக்குங்கள்.

மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எத்தனை சிறு பகுதிகளாகப் பிரிப்பது என்ற செட்டிங்) 8 போதும்: 200 ஸ்டெப் மோட்டாருக்குச் சுற்றுக்கு 1600 பல்ஸ் (நகரச் சொல்லும் மின்துடிப்பு), ஒரு சுற்றில் 5 மிமீ நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் (திருகுத் தண்டு) மிமீக்கு 320. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் நிலை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துபோகிறதா? டைரக்‌ஷன் சிக்னலுக்கும் பல்ஸுக்கும் நடுவே 5 மைக்ரோசெகண்ட் இடைவெளி வையுங்கள்.

பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றினால் டிரைவர் போச்சு.