எல்டிபி செஷன் நிற்கிறது, புது வசதி மட்டும் வேலை செய்யவில்லையா? கேபபிலிட்டியைப் பார்க்கும் முறை

எம்பிஎல்எஸ் லேபிள்களை (பாக்கெட் போகும் வழியைக் குறிக்கும் எண்கள்) ரூட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறைதான் எல்டிபி. அதன் செஷன் ‘ஆப்பரேஷனல்’ என்று காட்டுகிறது, லேபிள்களும் வருகின்றன. ஆனால் நேற்று ஆன் செய்த பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட் (ஓரிடத்திலிருந்து பல இடங்களுக்கு அனுப்பும் வசதி) மட்டும் அசையவில்லை. கான்ஃபிகை இரண்டு பக்கமும் வரிவரியாகப் பார்த்தாலும் பிழை கிடைக்காது. செஷன் எப்போது எழுந்தது, வசதியை எப்போது ஆன் செய்தீர்கள் என்ற இரண்டு நேரங்களைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும்.

பயிற்சிக்கு இரண்டு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் போதும். ஒன்றுக்குத் திருமங்கலம் (லூப்பேக், அதாவது ரூட்டரின் நிலையான உள் முகவரி, 10.255.0.1), மற்றதற்கு மேலூர் (10.255.0.2) என்று பெயர் வைப்போம். இரண்டிலும் எஃப்ஆர்ஆர் (லினக்ஸை ரூட்டராக்கும் மென்பொருள்) போட்டு, ஓஎஸ்பிஎஃப் (வழிகளைக் கண்டறியும் நெறிமுறை) ஓடி, லூப்பேக்குகள் ஒன்றையொன்று பிங் செய்யும் நிலையில் இருந்து தொடங்குகிறேன்.

1. தயார் செய்தல்

டீமன்ஸ் ஃபைலில் எல்டிபியை ஓட்டும் எல்டிபிடி-க்கு ‘யெஸ்’ போட்டு எஃப்ஆர்ஆரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கெர்னலில் எம்பிஎல்எஸ் ரூட்டர் மாட்யூலை ஏற்றுங்கள். பிளாட்ஃபார்ம் லேபிள்ஸ் மதிப்பு முதலில் 0 ஆகத்தான் இருக்கும், அதை 100000 ஆக்குங்கள். இன்டர்ஃபேஸ்களின் எம்பிஎல்எஸ் இன்புட்டை 1 ஆக்குங்கள். ஃபயர்வாலில் 646-ஐ யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும். யுடிபியை மட்டும் திறந்தால் ஹலோ (பக்கத்து ரூட்டரைக் கண்டுபிடிக்கும் மெசேஜ்) வரும், செஷன் வராது.

2. செஷன் எழும் முன்பே பிடித்தல்

கேபபிலிட்டி, அதாவது ‘எனக்கு எந்தெந்த வசதி தெரியும்’ என்ற விவரம், இனிஷியலைசேஷன் மெசேஜில் வரும். அந்த மெசேஜ் செஷன் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் வரும். அதனால் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் டிசிபிடம்பை 646 போர்ட்டில் முதலில் ஓடவிட்டு, பிறகுதான் செஷனை ரீசெட் செய்யும் ‘கிளியர் எம்பிஎல்எஸ் எல்டிபி நெய்பர்’ கொடுங்கள். பிடித்த ஃபைலை வயர்ஷார்க்கில் திறக்கவும். ரூட்டரின் டீபக் வெளியீட்டை நம்பி உட்காராதீர்கள். அது தனக்குப் புரிந்ததை மட்டுமே சொல்லும், வயர்ஷார்க் வந்த பைட்டையே காட்டும்.

பெரிய முகவரி உள்ளவர்தான் டிசிபியைத் திறப்பார். ஆகவே மேலூரின் இனிஷியலைசேஷன் முதலில் வரும்.

3. ஐந்து பைட்டைப் படித்தல்

அந்த இனிஷியலைசேஷனுக்குள் இப்படி ஒரு துண்டு (ஹெக்ஸ் எண்களில்) இருக்கும்: 85 06 00 01 80.

முதல் இரண்டு பைட் வகை. 85-இன் உச்சியில் உள்ள பிட்தான் யு-பிட், அது 1. ‘உனக்கு இது புரியாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடு’ என்று பொருள். அதை நீக்கினால் மிஞ்சுவது 0506, டைனமிக் கேபபிலிட்டி அனவுன்ஸ்மென்ட் (‘செஷன் நடுவில் கேபபிலிட்டி மாறினாலும் கேட்டுக்கொள்வேன்’ என்ற அறிவிப்பு). அடுத்த 00 01 நீளம், ஒரு பைட். கடைசி 80-இன் உச்சி பிட் எஸ்-பிட். 1 என்றால் ‘எனக்கு இது உண்டு’, 0 என்றால் ‘திரும்பப் பெறுகிறேன்’. இனிஷியலைசேஷனில் எஸ்-பிட் எப்போதும் 1 ஆகவே இருக்க வேண்டும். பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட் அறிவிக்கும் ரூட்டரில் 85 08 என்று தொடங்கும் துண்டும் இருக்கும்.

யு-பிட்டின் அருமை இங்கேதான் தெரியும். பழைய மென்பொருள் ஓடும் ரூட்டரோடும் செஷன் எழுவது இதனால்தான். அது 0 ஆக வந்திருந்தால், புரியாத ரூட்டர் மெசேஜையே மொத்தமாகத் தள்ளிவிட்டு நோட்டிஃபிகேஷன் அனுப்பும்.

இதை ‘நெகோஷியேஷன்’ என்றே எல்லோரும் சொல்கிறோம், ஆனால் இதில் பேரம் எதுவும் இல்லை. கீப்அலைவ் நேரத்தில்தான் (செஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கால அளவு) பேரம் உண்டு: இரண்டில் சிறியதை இருவரும் எடுத்துக்கொள்வார்கள். கேபபிலிட்டியில் அவரவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போவதோடு சரி. அனுப்புகிறவர்தான் எதிராளி சொன்னதைப் பார்த்து நடக்க வேண்டும். மேலூர் டைப்டு வைல்ட்கார்டை (ஒரு வகை முழுவதையும் ஒரே குறிப்பில் சொல்லும் வசதி) அறிவிக்கவில்லை என்றால் திருமங்கலம் அதை மேலூருக்கு அனுப்பக் கூடாது.

எஃப்ஆர்ஆரில் ‘ஷோ எம்பிஎல்எஸ் எல்டிபி நெய்பர் கேபபிலிட்டீஸ்’ கொடுத்தால் அனுப்பியது, வந்தது இரண்டும் தெரியும். வந்த பட்டியலைத்தான் முதலில் பாருங்கள்.

4. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்

செஷன் எழுந்த பிறகு ஆன் செய்த வசதியைப் பக்கத்து ரூட்டருக்குச் சொல்ல கேபபிலிட்டி மெசேஜ் என்று தனியாக ஒன்று உண்டு (வகை 02 02). ஆனால் எதிராளி மேலே பார்த்த 0506-ஐ அறிவித்திருந்தால் மட்டுமே அதை அனுப்பலாம். அறிவிக்கவில்லை என்றால் உங்கள் ரூட்டர் வாய் திறக்காது, எந்த எர்ரரும் வராது. செஷனை ரீசெட் செய்தால்தான் உண்டு.

மேலூர்ப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்து, பேட்டரியும் இறங்கி, மாலையில் ரூட்டர் எழுந்ததும் ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று சொன்னால் காரணம் இதுதான். செஷன் புதிதாக எழுந்தது, இனிஷியலைசேஷன் புதிதாகப் போனது.

அதற்காகப் பட்டப்பகலில் கிளியர் கொடுத்துவிடாதீர்கள். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் (செஷன் விழுந்தாலும் லேபிள்களைச் சிறிது நேரம் வைத்திருக்கும் வசதி) இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் அந்த நெய்பரின் லேபிள்கள் எல்லாம் போய், அவற்றின் மேல் ஓடும் விபிஎன் விழும். அதிகாலை இரண்டு மணி நல்ல நேரம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் இரவில் மட்டும் அதையும் செய்யாதீர்கள். அன்றைக்கு மதுரை தூங்குவதில்லை.

பின்னர் சேர்த்தது: 0506-ஐ ஒரு முறை அறிவித்துவிட்டால் அந்தச் செஷன் முடியும்வரை திரும்பப் பெற முடியாது. அதற்கு எஸ்-பிட்டை 0 ஆக்கி அனுப்பிப் பார்ப்பது வீண் வேலை. கேபபிலிட்டியை அறிவிக்கும் பொது விதிகள் 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5561 என்ற இணையத் தர ஆவணத்தில் உள்ளன.